துணிக்கடை முகப்பும் மாடி வீடும்: ஒரு கண்ணாடிக் கொள்முதலின் கதை

பின்னணி

திருச்சியில் ஒரு கடைத்தெரு. அங்கே மூன்றாவது தலைமுறையாக நடக்கும் பட்டுச் சேலைக் கடை. பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு, கீழே கடையும் மேலே இரண்டு தளத்தில் வீடுமாகக் கட்ட முடிவு செய்தார்கள். மேற்பார்வைக்கு இருந்த சிவில் இன்ஜினியர் நான். கடைக்காரரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். யார் பெயரும் வேண்டாம் என்றார், அதனால் எவர் பெயரும் இல்லை.

மனை மேற்குப் பார்த்தது. முகப்பு அகலம் 22 அடி. வீட்டில் கடைக்காரர், அவர் மனைவி, கல்லூரி முடித்த மகன், 74 வயது அம்மா. மகள் வழிப் பேரன் விடுமுறைக்கு வருவான், அவனுக்கு அப்போது 4 வயது. 2023 ஜனவரியில் கான்கிரீட் வேலை முடிந்தது. ஆவணியில் கடை திறந்து தீபாவளி வியாபாரத்தைப் புதுக் கடையில் பார்த்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

கண்ணாடி தேவைப்பட்ட இடங்கள் பல. கடை முகப்பில் சேலை காட்டும் நான்கு பெரிய சட்டங்கள், இரட்டைக் கதவு, கதவுக்கு மேலே ஒரு துண்டு. முதல் மாடியில் தெருவைப் பார்த்த 20 அடி பால்கனிக்குக் கைப்பிடிச் சுவராக ஐந்து துண்டுகள். வீட்டு ஜன்னல்கள் ஒன்பது. அம்மாவின் குளியலறையில் ஒரு தடுப்பு.

முதல் கொட்டேஷன்

மார்ச் மாதம் கடைக்காரர் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். கடை முகப்புக்கும் பால்கனிக்கும் சேர்த்து ஒரே வரி: “12 மி.மீ. டஃபன் கிளாஸ், 240 சதுர அடி, ஃபிட்டிங்குடன்”. பக்கத்தில் ஒரு ரேட். அவ்வளவுதான். டஃபன் என்றால் சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்துப் பதப்படுத்திய கண்ணாடி. இன்னொரு கடையில் வாங்கிய தாளும் ஏறக்குறைய இதேதான், சதுர அடிக்கு 20 ரூபாய் குறைவு.

“ரெண்டும் 12 எம்எம்தானே சார், குறைஞ்சதைப் போட்டுடலாமா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. தாளில் இருந்ததை வைத்து வேறு எதையும் ஒப்பிட முடியாது. எட்ஜ் பாலிஷ், அதாவது ஓரத்தை மெருகிடுவது, யார் கணக்கு, கதவைத் தாங்கித் தானாக மூடவைக்கும் ஃப்ளோர் ஸ்பிரிங் எத்தனை கிலோ தாங்கும், ஏற்றி இறக்கும்போது உடைந்தால் யார் பொறுப்பு, 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா என்று ஒரு விவரமும் இல்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. சேலைக்கு முன்னால் நிற்கும் கண்ணாடியும், ஜனங்கள் தள்ளித் திறக்கும் கதவும், தெருவில் போகிறவர் தலைக்கு மேலே நிற்கும் பால்கனியும் ஒரே பொருள் என்று அந்தத் தாள் வைத்துக்கொண்டது.

ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு கேள்விகள் கேட்டு எழுதுவோம் என்றேன். இந்தக் கண்ணாடி உடைந்தால் துண்டுகள் எங்கே விழும், யார் மேல் விழும்? உடையாமல் இருக்கும் நாளெல்லாம் இதன் வழியாக என்ன வர வேண்டும், என்ன வரக் கூடாது? பிறகு வந்த எல்லா முடிவுகளும் இந்த இரண்டிலிருந்துதான் வந்தன.

இடத்தில் பார்த்தவை

கட்டட வேலை நடந்த காலத்தில் கடை அதே தெருவில், அதே வரிசையில் வாடகைக் கட்டடத்தில் நடந்தது. அதுவும் மேற்குப் பார்த்தது, முன்னால் சாதா தெளிவுக் கண்ணாடி. புதுக் கடையில் என்ன நடக்கும் என்பதை அங்கேயே பார்க்க முடிந்தது.

பங்குனி முதல் வாரத்தில் மாலை 4.15க்குப் போனேன். தெருவில் நிழலில் 37 டிகிரி. கண்ணாடிக்குப் பின்னால் வெயில் விழுந்த அரக்குப் பட்டின் மேல் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டினால் 51 டிகிரி. அங்கே 22 வருஷமாக வேலை பார்க்கும் அம்மா ஒருவர் அந்தச் சேலையை எடுத்து மடிப்பைப் பிரித்துக் காட்டினார். வெளியே தெரிந்த மடிப்பில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, வெளுத்துப்போய், காய்ந்த செங்கல் நிறத்தில் இருந்தது. உள்மடிப்பு ஈர அரக்கு மாதிரி ஆழ்ந்த சிவப்பு. 20 நாள்தான் வைத்திருந்தார்களாம். “இதை முழு விலைக்கு விக்க முடியாதுங்க சார்” என்றார். இப்படி வெளுத்த சேலைகள் தனியாக ஒரு அலமாரியே இருந்தது.

சன்ஷேடு நீட்டினால் போதாதா என்று மகன் கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். மார்ச் மாதத் திருச்சியில் மாலை 4 மணிக்குச் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 35 டிகிரி உயரத்தில் இருக்கிறது. 4 அடி நீட்டிய சன்ஷேடு அந்த நேரத்தில் கண்ணாடியின் மேல் 3 அடியைக்கூட முழுசாக மறைக்காது. 5 மணிக்கு ஒன்றரை அடிதான். சேலை இருப்பது அதற்குக் கீழே. மேற்கு வெயில் நேரே முகத்தில் அடிக்கிற வெயில், அதைத் தலைக்கு மேலே குடை பிடித்துத் தடுக்க முடியாது.

வெப்பத்துக்கும் ஒரு தோராயக் கணக்கு. நான்கு சட்டமும் சேர்ந்து ஏறக்குறைய 10.4 சதுர மீட்டர். மாலையில் அந்தச் சுவரில் சதுர மீட்டருக்கு 600 வாட் விழுகிறது என்று வைத்துக்கொண்டோம். தெளிவான 12 மி.மீ. கண்ணாடி அதில் முக்கால் பங்கை உள்ளே விடும் என்றால் 4,700 வாட், அதாவது ஒன்றேகால் டன் ஏசிக்கு மேல் அந்த வெயிலுக்கே போய்விடும். பூச்சுள்ள கண்ணாடி நூற்றுக்கு 40 பங்கை மட்டும் விட்டால் 2,500 வாட். கண்ணாடித் தயாரிப்பாளர்கள் தரும் விவரத்தாளில் எஸ்ஹெச்ஜிசி என்று ஓர் எண் இருக்கும். அது இந்தப் பங்கைத்தான் சொல்கிறது. 0.40 என்றால் வெயிலின் வெப்பத்தில் 40 சதவீதம் உள்ளே வருகிறது என்று பொருள். எங்கள் ஊர் வெயிலுக்கு மேற்குக் கண்ணாடி வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய எண் இதுதான். ஆனால் கடையில் அதைச் சொல்லி யாரும் விற்பதில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கடை முகப்பு. ஏப்ரலில் நான்கு வகையில் ஓரடிக்கு ஓரடி மாதிரித் துண்டுகள் வரவழைத்தோம்: தெளிவு, பச்சை, முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி எதிரொளிக்கும் வகை, நடுநிலை நிறத்தில் வெயில் தடுக்கும் பூச்சுள்ள லாமினேட்டட், அதாவது இரண்டு தகட்டை நடுவே படலம் வைத்து ஒட்டியது. காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் வாசலில் சேலைகளை விரித்து, மேலே துண்டுகளைப் பிடித்துப் பார்த்தோம். கடைக்காரர் மனசு பச்சைக் கண்ணாடியில் இருந்தது, கண்ணுக்குக் குளிர்ச்சி, விலையும் குறைவு. அந்த வேலைக்கார அம்மாதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “இதுவழியாப் பாத்தா மாம்பழக் கலர் மாங்காக் கலர் ஆயிடுதுங்க முதலாளி.” உண்மைதான். மயில்கழுத்து நிறம் ஓரளவு தாக்குப்பிடித்தது, மஞ்சளும் கத்தரிப்பூவும் செத்துப்போயின. பட்டு விற்கிற கடையில் நிறம் பொய்யாகத் தெரிந்தால் வாடிக்கையாளர் ஒவ்வொரு சேலையையும் தெருவுக்குத் தூக்கிப்போய்ப் பார்ப்பார். பச்சை அங்கேயே கழிந்தது.

எதிரொளிக்கும் வகை பகலில் வெளியே நிற்பவருக்குத் தன் முகத்தைத்தான் காட்டும். சேலை தெரியாது. அதுவும் போயிற்று.

மிஞ்சியது நடுநிலை லாமினேட்டட். 6 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவே 1.52 மி.மீ. பிவிபி என்ற ஒட்டுப்படலம். அந்தப் படலம் புற ஊதாக் கதிரில் 99 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடும். உடைந்தாலும் துண்டுகள் படலத்தோடு ஒட்டியே நிற்கும், இரவில் கல்லெறிந்து உடைத்து உள்ளே கை விடுவதும் சுலபமில்லை. சதுர அடி விலை, முதல் கொட்டேஷனில் இருந்த டஃபனைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெளுத்த சேலைகளின் அலமாரி இருந்ததால் இதைக் கடைக்காரருக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பூச்சுள்ள கண்ணாடி வெப்பத்தை உறிஞ்சும். மேல்பாதி சன்ஷேடு நிழலிலும் கீழ்ப்பாதி வெயிலிலும் இருந்தால் இரண்டும் வெவ்வேறு அளவு விரியும். பதப்படுத்தாத சாதாக் கண்ணாடி ஓரத்திலிருந்து அப்படியே விரிசல் விடும். ஆகவே இரண்டு தகடும் பாதிப்பதம் செய்தவையாக, அதாவது ஹீட் ஸ்ட்ரெங்தன்ட் ஆக, வேண்டும் என்று எழுதினோம். டஃபன் சாதாக் கண்ணாடியைப்போல் சுமார் நான்கு மடங்கு வலிமை உள்ளது. பாதிப்பதம் சுமார் இரண்டு மடங்கு. ஆனால் உடைந்தால் பெரிய துண்டுகளாக உடையும், படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நான்கு பக்கமும் சட்டத்துக்குள் இருக்கும் இடத்துக்கு அதுவே நல்லது.

கதவு. இங்கே 12 மி.மீ. டஃபன்தான் சரி என்று முதல் கொட்டேஷனோடு ஒத்துப்போனோம். உடைந்தால் கற்கண்டு மாதிரி சின்னச் சின்னத் துண்டாகும், கத்திபோல் கிழிக்காது. கண்ணாடியின் எடையை மனக்கணக்காகவே போடலாம்: ஒரு சதுர மீட்டரில் ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் இரண்டரை கிலோ. மூன்றரைக்கு ஏழு அடிக் கதவு ஒன்று 68 கிலோ வந்தது. அதற்குத் தகுந்த ஃப்ளோர் ஸ்பிரிங் கேட்டு எழுதினோம். முழுப் பதம் செய்த தனிக் கண்ணாடி என்பதால் ஹீட் சோக் செய்து தர வேண்டும் என்றும் எழுதினேன். அது என்ன என்பது பின்னால் வருகிறது. இரண்டு கதவிலும் நெஞ்சுயரத்தில் கடையின் பெயர் போட்ட ஸ்டிக்கர் பட்டை ஒன்று வேண்டும் என்றோம். கதவு இருப்பது தெரியாமல் வேகமாக வந்து மோதுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பால்கனி. இரண்டு கொட்டேஷன்களிலும் நான் முழுமையாக மறுத்தது இதைத்தான். டஃபன் உடைந்தால் துண்டு சின்னது என்பது கதவுக்குச் சரி. 12 அடி உயரத்திலிருந்து அந்தச் சின்னத் துண்டுகள் ஒன்றோடொன்று பின்னிக் கட்டிகட்டியாக விழும். கீழே நிற்பவர்கள் கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள். மேலே நான்கு வயதுக் குழந்தை சாய்ந்து நிற்கும்போது உடைந்தால் குழந்தைக்கு முன்னால் ஒன்றுமே இருக்காது. லாமினேட்டட் தவிர வேறு வழியில்லை. 6 மி.மீ. டஃபன் இரண்டும் நடுவே 1.52 பிவிபியும், மேலே முழு நீளத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடியும். அந்தக் கைப்பிடி இரண்டு வேலை செய்கிறது. இரண்டு தகடும் உடைந்தால் துணிபோல் மடிந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும், படலத்தின் மேல் ஓரத்தில் மழைநீர் இறங்காமலும் காக்கும்.

மாடி ஜன்னல்கள். எல்லா ஜன்னலுக்கும் இரட்டைக் கண்ணாடி, அதாவது டபுள் கிளேசிங் வேண்டும் என்று மகனுக்கு ஆசை. நல்ல பொருள்தான். நாள் முழுவதும் ஏசி ஓடும் அலுவலகத்துக்கு அது பணத்தைத் திருப்பித் தரும். இந்த வீட்டில் ஏசி ஓடுவது இரவில் மட்டும். பகலில் ஜன்னலைத் திறந்து வைப்பவர்கள். திறந்த ஜன்னலில் இரட்டைக் கண்ணாடியால் ஒரு பயனும் இல்லை. மேற்கு ஜன்னல்கள் மூன்றுக்கு மட்டும் வெயில் தடுக்கும் பூச்சுள்ள 6 மி.மீ. டஃபன், வடக்கிலும் கிழக்கிலும் சாதாத் தெளிவு 5 மி.மீ. என்று முடித்தோம். கடைக்காரரின் அம்மா அறைக்கு மட்டும் தெரு இரைச்சல் குறைய லாமினேட்டட் போட்டு, தள்ளு ஜன்னலுக்குப் பதில் ரப்பரோடு இறுக்கமாக மூடும் கதவு ஜன்னல் வைத்தோம். இடுக்கு வழியாக வரும் சத்தத்தை எந்தக் கண்ணாடியும் தடுக்காது.

குளியலறைத் தடுப்பு 8 மி.மீ. டஃபன். அங்கே பெரிய விவாதம் எதுவும் இல்லை.

ஆர்டர்

மே மாதம் புதிய தாள் ஒன்று தயாரித்து மூன்று பேருக்கு அனுப்பினோம். ஒவ்வொரு துண்டுக்கும் தனி வரி: எந்த இடம், அளவு, அமைப்பு, ஓர வேலை, துளைகள், பூச்சு எந்தப் பக்கம், ஹீட் சோக் உண்டா, எடை. கீழே பொது நிபந்தனைகள்: பொருத்தி முடியும்வரை உடைசல் சப்ளையர் பொறுப்பு, பாதுகாப்புக் கண்ணாடி ஒவ்வொன்றின் மூலையிலும் ஐஎஸ் 2553 பகுதி 1 என்ற இந்தியத் தரநிலைக்கான ஐஎஸ்ஐ முத்திரை அழியாமல் இருக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடிக்கான தரக் கட்டுப்பாட்டு உத்தரவை மத்திய அரசு 2020ல் வெளியிட்டது, ஆகவே இது சலுகையாகக் கேட்பது அல்ல. முதலில் 20 ரூபாய் குறைத்துக் கொடுத்தவர் இந்தத் தாளைப் பார்த்துவிட்டு மறு விலை அனுப்பவில்லை.

வந்த விலைகளைப் படித்தபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. ஒருவர் அளவை அடுத்த 3 அங்குலத்துக்கு ஏற்றிக் கணக்கிட்டார், இன்னொருவர் 6 அங்குலத்துக்கு. எங்கள் சட்டம் 3 அடி 6½ அங்குலம் இருந்தது. முதலாமவர் கணக்கில் அது 3 அடி 9, அடுத்தவர் கணக்கில் 4 அடி. நடு அலுமினியச் செக்‌ஷனைக் கொஞ்சம் அகலமாக்கிக் கண்ணாடியைச் சரியாக 3 அடி 6 ஆக்கினோம். அந்த அரை அங்குலம் நான்கு சட்டத்திலும் சேர்ந்து கதவுக் கைப்பிடிகளின் செலவை ஈடுகட்டியது.

பொருத்திய நாட்கள்

ஆகஸ்ட் முதல் வாரத்தில் கண்ணாடி வந்தது. காட்சிச் சட்டம் ஒவ்வொன்றும் 78 கிலோ. உறிஞ்சுபிடி வைத்து நான்கு பேர் தூக்கி நிறுத்தினார்கள். ஒரே துண்டாக ஏழடி அகலத்துக்குப் போட்டிருந்தால் 156 கிலோ, அந்தத் தெருவில் அதை இறக்கவே முடிந்திருக்காது.

இரண்டாம் நாள் காலை நான் உள்ளே நுழைந்ததும் வினிகர் வாசனை. கடைக்குள் வினிகருக்கு என்ன வேலை என்று ஒரு நொடி யோசித்தேன். இரண்டு பையன்கள் காட்சிச் சட்டத்தின் ஓரத்தில் சிலிக்கான் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை வரும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுவது. சாதாக் கண்ணாடிக்கு அது ஒன்றும் செய்யாது, லாமினேட்டட் ஓரத்தில் பட்டால் படலத்தைக் கெடுக்கும். லாமினேட்டட் கண்ணாடிக்கும் டபுள் கிளேசிங்குக்கும் அமிலம் விடாத நியூட்ரல் சிலிக்கான்தான் போட வேண்டும். எங்கள் தாளில் “சிலிக்கான்” என்று மட்டும் எழுதியிருந்தது, வகை எழுதவில்லை. பையன்கள் மேல் குற்றமில்லை. வேலையை நிறுத்தி, அடித்திருந்த இரண்டு சட்டத்திலும் பிளேடால் சுரண்டி எடுத்து, துடைத்து, நியூட்ரல் வாங்கி மறுபடி அடித்தோம். ஒரு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் கதவு. இடது கதவு அழகாக உட்கார்ந்தது. வலது கதவு தரையில் உரசியது. அளவு எடுத்தபோது வாசல் கிரானைட் போடவில்லை. வரைபடத்தில் இருந்த தரை மட்டத்தை வைத்து நானே அளவு கொடுத்தேன். பிறகு மேஸ்திரி மழைத்தண்ணீர் ஒதுங்குவதற்காக ஒரு பக்கம் வாட்டம் கொடுத்துப் போட்டிருந்தார், வலப்பக்கம் 14 மி.மீ. உயர்ந்துவிட்டது. அவர் செய்தது சரியான வேலை. தரை முடியும்முன் அளவு கொடுத்தது என் தப்பு. டஃபன் கண்ணாடியை அடுப்பில் 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றில் குளிர வைக்கிறார்கள். அதற்கப்புறம் ஓரத்தில் ஒரு மி.மீ. அறுக்கப்போனாலும் முழுதும் சிதறும். ஆகவே வலது கதவைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

இங்கேதான் இந்த வேலையின் மோசமான முடிவை எடுத்தேன். புதுக் கதவு 12 நாளில் வரும் என்றார்கள். ஹீட் சோக் வேண்டுமென்றால் வேறு ஆலைக்குப் போய்வர இன்னும் 6 நாள். ஆவணி முகூர்த்தம் குறித்தாயிற்று, அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. “ஒரு கதவுதானே சார், விட்டுடலாமே” என்று கடைக்காரர் கேட்டார். நான் யோசித்துவிட்டுச் சரி என்றேன். ஆர்டர் தாளில் அந்த வரியில் “ஹீட் சோக்: வேண்டாம்” என்று என் கையெழுத்திலேயே எழுதினேன்.

கதவு நேரத்துக்கு வந்தது. கடை குறித்த நாளில் திறந்தது. தீபாவளி வியாபாரம் நன்றாகவே நடந்தது.

2024 பிப்ரவரி

ஒரு நாள் விடியற்காலை 5 மணி சுமாருக்கு மாடியில் தூங்கிக்கொண்டிருந்த கடைக்காரரின் அம்மா எழுந்துவிட்டார். கீழே யாரோ அரிசி மூட்டையை அவிழ்த்துக் கொட்டின மாதிரி சத்தம் என்று மகனை எழுப்பியிருக்கிறார். இறங்கிப் பார்த்தால் வலது கதவு இல்லை. ஷட்டருக்கு உள்ளே கண்ணாடித் துண்டுகள் குவியலாகக் கிடந்தன. கேமரா பதிவில் யாரும் வரவில்லை, எதுவும் மோதவில்லை. சும்மா நின்ற கதவு தானாகச் சிதறியது. கடை திறந்திருக்கும் நேரமாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மூவரும் அதைத்தான் நினைத்தோம்.

எட்டு மணிக்கு நான் போனபோது ஒரே ஒரு பகுதி குவியலில் கலக்காமல் கிடந்தது: கடைப்பெயர் ஸ்டிக்கர். அதன் பின்னால் துண்டுகள் ஒட்டியபடியே இருந்தன, கிட்டத்தட்ட ஒரு துண்டுத்துணி மாதிரி. திருப்பிப் பார்த்தேன். விரிசல்கள் எல்லாம் ஓர் இடத்திலிருந்து கதிர் மாதிரி கிளம்பியிருந்தன. அந்த இடத்தில் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக இரண்டு துண்டுகள், ஒட்டிய ஓரத்தில் நேர்க்கோடாக, பட்டாம்பூச்சியின் இரண்டு இறக்கைபோல. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

கண்ணாடி உருக்கும்போது எப்போதாவது நிக்கல் சல்ஃபைடு என்ற பொடிக் கல் உள்ளே மாட்டிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத அளவு. பதப்படுத்தும் சூட்டில் அது ஒரு வடிவத்தில் இருக்கும், சட்டென்று குளிர்வதால் அந்த வடிவத்திலேயே உறைந்துவிடும். பிறகு மாதக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில், மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும், திரும்பும்போது சற்றுப் பருக்கும். டஃபன் கண்ணாடியின் கனத்தில் உட்பகுதி எப்போதும் இழுவிசையில் இருப்பது. அங்கே அது பருத்தால் முழுக் கண்ணாடியும் போய்விடும். ஹீட் சோக் என்பது கண்ணாடியை மறுபடி 290 டிகிரி அளவில் சில மணி நேரம் வைத்து, உடைய வேண்டியது ஆலையிலேயே உடையட்டும் என்று விடுவது. எல்லாக் கல்லையும் அது பிடித்துவிடாது, பெரும்பாலானவற்றைப் பிடிக்கும்.

அந்தக் கல்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல ஆய்வுக்கூட நுண்ணோக்கி வேண்டும், நாங்கள் அனுப்பவில்லை. ஆனால் விரிசல் தொடங்கியது கதவின் நடுவில், இரும்புப் பிடிகள் இருக்கும் ஓரத்தில் அல்ல. அடிபட்ட தடம் இல்லை. பட்டாம்பூச்சித் துண்டு இருந்தது. எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரே தாளில், ஒரே அமைப்பில் செய்த இரண்டு கதவில், ஹீட் சோக் செய்த இடது கதவு நின்றது, செய்யாத வலது கதவு போனது. ஒரு ஜோடியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று தெரியும், ஆனாலும் மனசு ஆறவில்லை.

சப்ளையர் இலவசமாக மாற்றித் தர மறுத்தார். அவர் நீட்டிய தாளில் என் கையெழுத்து இருந்தது. அவர் சொன்னது நியாயம். புதுக் கதவின் பாதி விலையை நான் ஏற்றேன். கடைக்காரர் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

அதன் பிறகு

புது வலது கதவு ஹீட் சோக் செய்து, அடுப்பின் வெப்பநிலை வரைபடத் தாளோடு வந்தது. இரண்டு கதவிலும் உட்பக்கம் முழுதும் தெளிவான பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டினோம். அது உடைவதைத் தடுக்காது, உடைந்தால் துண்டுகளைப் பிடித்துவைத்திருக்கும். அந்தச் சின்ன ஸ்டிக்கர் தன் அளவுக்குப் பிடித்துவைத்ததைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது. காட்சிச் சட்டங்களில் எந்த ஃபிலிமும் ஒட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பூச்சுள்ள கண்ணாடியில் மேற்கொண்டு ஃபிலிம் ஒட்டினால் வெப்பம் உள்ளேயே தேங்கும்.

வெளுப்பதைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2024 கோடையில் மாம்பழ மஞ்சள் சேலை ஒன்றை ஆறு வாரம் அதே இடத்தில் வைத்துப் பார்த்தோம். மடிப்பைப் பிரித்தால் வித்தியாசம் இருந்தது, ஆனால் சொன்னால்தான் தெரியும் அளவு. வாடகைக் கடையில் 20 நாளில் வந்த பட்டையில் கால்வாசிகூட இல்லை. புற ஊதாக் கதிரை நிறுத்தினாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சூடும் சாயத்தைக் கொஞ்சம் தின்னும். இப்போது மாலை 3.30க்கு வெளியே துணித் திரை இறக்குகிறார்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சேலையை மாற்றுகிறார்கள். வெளுத்த சேலைகளின் அலமாரி காலியாகி, அதில் இப்போது பிளவுஸ் துணி இருக்கிறது. ஏசி மெக்கானிக் முதலில் 5 டன் சொன்ன கடை 4 டன்னில் ஓடுகிறது.

ஒரு குறை இருக்கிறது. வடக்கு ஓரச் சட்டத்தின் அடியில் 2024 ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி வந்தது. வினிகர் சிலிக்கான் அடித்துச் சுரண்டிய இரண்டு சட்டங்களில் இதுவும் ஒன்று. அடிச் செக்‌ஷனில் தண்ணீர் வெளியேற ஓட்டையும் இல்லாமல் இருந்தது, தேங்கிய தண்ணீரில் படலத்தின் ஓரம் ஊறியிருக்கிறது. இரண்டில் எது என்று பிரிக்க முடியவில்லை. நான்கு சட்டத்திலும் ஓட்டை போட்டோம். அதற்கப்புறம் கறை வளரவில்லை. மாதம் ஒருமுறை மகன் அதைச் செல்போனில் படம் எடுத்து அனுப்புகிறார்.

மறுபடி செய்தால்

தரைக்கல் ஒட்டி, சட்டம் நிறுத்தி, நூல் பிடித்துப் பார்த்த பிறகுதான் டஃபனுக்கு அளவு கொடுப்பேன். அதற்கு மூன்று வாரம் தள்ளிப்போகும் என்றால் முகூர்த்தத் தேதியை அதற்கேற்பக் குறிக்கச் சொல்வேன். வலது கதவு வராத 6 நாளுக்கு ஒரு பிளைவுட் பலகையை நிறுத்திவைத்துக் கடையைத் திறந்திருக்கலாம். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவே இல்லை.

கதவுக்கு நேரடியாக டஃபன் லாமினேட்டட் போடுவதையும் யோசிப்பேன். கனம் 13.52 மி.மீ. ஆகிவிடும், அதற்கென்று வரும் பிடிகள் வேண்டும், செலவு கூடும். நாள் முழுக்க ஜனங்கள் தொட்டுத் தள்ளும் கதவுக்கு அந்தச் செலவு தகும் என்று இப்போது நினைக்கிறேன்.

தாளில் இரண்டு வரி கூட்டியிருக்கிறேன்: சிலிக்கான் நியூட்ரல் வகை மட்டும், கீழ்ச் செக்‌ஷனில் நீர் வடிய ஓட்டை. அந்தத் தாளின் நகல் இப்போது கடைக்காரரின் தங்கையிடம் இருக்கிறது. அவர் கரூரில் வீடு கட்டுகிறார். போன வாரம் கடைக்காரர் போனில் பேசினார். “கண்ணாடிக்காரர் டேப் எடுத்துக்கிட்டு வந்துட்டார் சார். டைல்ஸ் இன்னும் போடலை. போட்டு முடிச்சதும் கூப்பிடறோம்னு திருப்பி அனுப்பிட்டேன்.”